ஞாயிறு கனம், புதன் இலேசு

வாரத்துக்கு ஏழு நாட்கள் என்பது எல்லோருக்கும் பொது. எந்த நாள் எதற்கு என்று வகுத்துக்கொள்வது மட்டும் அவரவர் உரிமை. என் ஐம்பத்து நான்காம் வயதில் அந்த உரிமையில் பெரும்பகுதி எங்கள் வீட்டிலிருந்து போயிற்று. செவ்வாயும் வெள்ளியும் என் மனைவிக்கு டயாலிசிஸ் என்று ராயபுரத்தில் இருந்த ஒரு மையம் முடிவு செய்தது. எஞ்சிய நாட்களுக்குள் என் பெஞ்ச் பிரஸ் பயிற்சியை எங்கே பொருத்துவது என்பதை அவளும் நானும் சேர்ந்து முடிவு செய்தோம். பன்னிரண்டு வாரங்களுக்காக வகுத்த அந்த ஏற்பாட்டின் ஒன்பதாம் வாரத்தில் அவள் இறந்தாள். மிச்ச வாரங்களை நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

நாங்கள் காலடிப்பேட்டையில் குடியிருந்தோம். நான் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பித்தேன். அவள் மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாக இருந்து, சிறுநீரகங்கள் கைவிட்டபோது விருப்ப ஓய்வு பெற்றவள். பவர்லிஃப்டிங் எனக்கு மாணவப் பருவத்துப் பழக்கம். முனைவர் பட்ட ஆய்வின்போது விட்டுப்போய், நாற்பதைக் கடந்தபின் திரும்பி வந்தது. குந்தி எழுவதற்கும் தரையிலிருந்து தூக்குவதற்கும் முதுகு சம்மதிக்காததால் பெஞ்ச் பிரஸ் ஒன்றே எஞ்சியது. பலகையில் மல்லாந்து படுத்து, எடை பூட்டிய ராடை இரு கைகளாலும் நெஞ்சுவரை இறக்கி மறுபடி மேலே தள்ளுவது. பார்ப்பவர்க்கு அவ்வளவே.

அத்தனை நோயாளியான மனைவியை வீட்டில் வைத்துக்கொண்டு இதற்கெல்லாம் போனாயா என்று பின்னாளில் உறவினர் ஒருவர் கேட்டார். போகச் சொன்னவளே அவள்தான் என்பதை அவருக்கு நான் விளக்கவில்லை. டயாலிசிஸ் தொடங்கிய முதல் மாதங்களில் கல்லூரி விட்டால் வீடு என்று அவள் அருகிலேயே இருந்தேன். ஒருநாள் அவள் கையிலிருந்த செய்தித்தாளை மடித்து வைத்தாள்.

"எப்பப் பார்த்தாலும் என் முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காதீங்க. எனக்குப் பயமா இருக்கு. எங்கேயாவது போய் எதையாவது தூக்குங்க."

பெரம்பூரில் மாவட்ட அளவிலான பெஞ்ச் பிரஸ் போட்டி நடக்கவிருப்பதையும், அதில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு என்பதையும் நான் முன்பே சொல்லியிருந்தேன். போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி வாரங்களை எண்ணியவள் அவள்தான்.

நான் போய்வந்த உடற்பயிற்சிக் கூடம் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக்குப் பின்புறத்தில், முன்பு மீனுக்கான ஐஸ் வைக்கும் கிடங்காக இருந்த நீண்ட அறை. தடித்த சுவர்கள், ஒரே சன்னல். கடற்காற்றின் உப்பு இரும்பை விடாமல் தின்னும் ஊர் அது. ஆகவே கடைசியாகக் கிளம்புகிறவர் ராடைத் தேங்காய் எண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே விதி. எண்ணெய் குறைந்தால் துரு; மிகுந்தால் மறுநாள் முதலில் வருகிறவனுடைய வசவு. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் தெருமுனைவரை வரிசை கட்டி நிற்கும். காற்று வடக்கிலிருந்து திரும்பினால் எண்ணூர்ப் பக்கத்து அமோனியா நெடி சன்னல் வழியே வந்து சேரும். யாரும் அதற்காகப் பயிற்சியை நிறுத்தியதில்லை.

அந்தக் கூடத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலையை 'ரெக்கார்டு' என்பார்கள். அன்று ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற அதிகபட்ச எடையை எல்லார் முன்னிலையிலும் முயன்று பார்க்க வேண்டும். சென்ற வாரத்தைவிடக் குறைவாகத் தூக்கியவர் மற்றவர்களுக்கு ஆட்டுக்கால் பாயாவும் ஆப்பமும் வாங்கித் தர வேண்டும். அந்த அவமானத்துக்கு அஞ்சி மற்ற ஆறு நாட்களும் அதே பெஞ்ச் பிரஸ்ஸை முக்கி முனகிச் செய்வார்கள். பலன், ஏறத்தாழ அனைவரும் ஆண்டுக்கணக்கில் ஒரே எடையில் நின்றார்கள். அனைவருக்கும் இடது தோளிலோ வலது தோளிலோ வலி. அது வீரத்தின் அடையாளம் என்று நம்பித் தைலம் தேய்த்துக்கொண்டார்கள்.

இந்த வழக்கத்துக்கு முதன்மையான காவலர் என் பயிற்சிக் கூட்டாளி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். பீப்பாய் போன்ற நெஞ்சு, ஓயாத வாய். பெஞ்ச் பிரஸ் தனியாகச் செய்யக் கூடாத பயிற்சி. படுத்திருப்பவனின் தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். ராடு நெஞ்சில் சிக்கிக்கொண்டால் தூக்கி விடுவதற்கு. அதை அங்கே 'சப்போர்ட்' என்பார்கள். பல ஆண்டுகளாக எனக்கு அவரும் அவருக்கு நானும் சப்போர்ட். வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டுமே பெஞ்ச் பிரஸ் செய்யப் போகிறேன், அதிலும் ஒரு நாள் இலேசான எடைதான் என்று நான் அறிவித்தபோது, அவர் அதைத் தமக்கு நேர்ந்த துரோகமாகவே எடுத்துக்கொண்டார்.

"இன்னா வாத்யாரே, ரேஷன் கடை கணக்கா வாரத்துக்கு ரெண்டு வாட்டிதான் தொறப்பியா? டெய்லி போட்டாதான் ஏறும்."

உங்கள் கிரேனுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை முழு எடையைத் தொங்கவிட்டுச் சோதனை செய்கிறார்கள் என்று கேட்டேன். வருடத்துக்கு ஒரு முறை, அதற்கென்று ஆள் வந்து சான்றிதழ் தருவார் என்றார். தினமும் சோதித்தால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ரோப்பு பூடும்," என்றார். தோளை ஒருமுறை தடவிக்கொண்டார். "அப்போ என்னைய க்ரேனுன்ற."

இல்லை, கிரேனுக்குக் கிடைக்கும் மரியாதையாவது உங்கள் தோளுக்கும் கிடைக்கட்டும் என்கிறேன் என்றேன். அவர் முழுமையாக ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் புதன் மாலைகளில் தமக்கு வேலை வராதபடி ஷிப்டை மாற்றிக்கொள்ளத் தொடங்கினார். என்னுடன் சேர்ந்து இலேசாகத் தூக்குவதற்கு அல்ல. என்னைக் கேலி செய்யத் தவறக் கூடாது என்பதற்காக என்றார்.

ஏற்பாட்டின் அடிப்படை எளியது. கனமான எடை தசையைச் சிதைக்கிறது. அது முன்னிலும் உறுதியாகக் கட்டிக்கொள்ள ஓய்வு வேண்டும். ஐம்பதைத் தாண்டியவனுக்கு அந்த ஓய்வு சற்று நீளமாக வேண்டும். ஆகவே ஞாயிறு கன நாள்; முதல் நான்கு வாரங்கள் ஐந்து ஐந்து முறையாக, அடுத்த நான்கு வாரங்கள் எடையை ஏற்றி மும்மூன்று முறையாக, கடைசி வாரங்களில் இரண்டிரண்டாகவும் ஒற்றையாகவும். ஒவ்வொரு நான்காம் வாரமும் எடையை வேண்டுமென்றே குறைத்து உடலை ஆற விட வேண்டும். புதன் இலேசு நாள். ஞாயிற்று எடையில் பத்தில் ஏழு பங்கு. இரண்டு நாட்களிலும் முக்கியப் பயிற்சிக்குப் பின் முழங்கையை நிமிர்த்தும் தசைக்காகக் குறுகிய பிடியில் சில செட்கள், அதாவது சுற்றுகள்; முதுகுக்கு, குனிந்து ராடை வயிற்றை நோக்கி இழுப்பது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஏதாவது சேர்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்குவதுதான் ஏற்பாட்டின் பெரும்பகுதி.

நாட்களைத் தேர்ந்தது என் மனைவியின் உடல். செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் முடிந்து வந்தால் மாலைவரை உறங்குவாள். புதனன்று தெளிவாகிவிடுவாள். அன்று மாலை அவளுடைய தங்கை தண்டையார்பேட்டையிலிருந்து வந்து உடனிருக்க இயலும். வெள்ளி மறுபடியும் மையம். சனிக்கிழமை வாரத்திலேயே நல்ல நாள். அதை எங்களுக்கென்று வைத்துக்கொண்டோம். பெரும்பாலும் கடலோரத்துக் கருங்கற்கள் வரை நடந்து திரும்புவோம். ஞாயிறு காலையும் பழுதில்லை. திங்களன்று கால்கள் வீங்கத் தொடங்கும், மூச்சு இளைக்கும். திங்களன்று நான் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தேன். செவ்வாயிலிருந்து வெள்ளிக்கு மூன்று நாள். வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கு நான்கு. அந்த ஒரு நாள் கூடுதல்தான் அவளுக்குப் பகை. புதனிலிருந்து ஞாயிறுவரை எனக்கும் நான்கு நாள் இடைவெளி. அந்தக் கூடுதல் நாளில்தான் எனக்கு வலு சேர்ந்தது. இதை முதலில் கவனித்தவளும் அவளே.

"நீள இடைவெளி உங்களுக்கு நல்லது, எனக்கு ஆகாது. வாரம் என்னவோ ஒண்ணுதான்."

அடுப்படிக் காலண்டரில் செவ்வாய், வெள்ளிக் கட்டங்களில் நான் 'ஓய்வு' என்று குறித்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்டாள். அவளுடைய நகைச்சுவை எப்போதும் அந்த அளவில் நின்றுவிடும். அடுத்த சொல்லை எதிராளிக்கு விட்டுவிடுவாள். டயாலிசிஸுக்கு முன்பும் பின்பும் அங்கே எடை பார்ப்பார்கள். உடலில் தேங்கிய நீர் எவ்வளவு வெளியேறியது என்பது அதில் தெரியும். வீடு திரும்பும் ஆட்டோவில் அதைச் சொல்வாள்: "இன்னைக்கு ரெண்டரை கிலோ இறக்கிட்டாங்க. நீங்க ஞாயித்துக்கிழமை எவ்வளவு ஏத்தப் போறீங்க?" நானும் ரெண்டரை என்பேன். பெரும்பாலும் அது உண்மையாகவே இருந்தது. போட்டியில் நூறு கிலோ தூக்க வேண்டும் என்று இலக்கு வைத்ததும் அவளுடைய கணித ஆசிரியைக் குணம்தான். என் பழைய உச்சம் தொண்ணூற்றைந்து. அந்த எண் அவளுக்கு முடிவடையாததாகப் பட்டது.

இலேசு நாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போட்டியில் ராடை நெஞ்சில் இறக்கியவுடன் தள்ளிவிடக் கூடாது. அது அசைவற்று நிற்க வேண்டும். நடுவர் 'பிரஸ்' என்று சொன்ன பிறகே தள்ள வேண்டும். எங்கள் கூடத்தில் யாரும் அப்படிப் பழகியதில்லை. நெஞ்சில் பட்ட வேகத்தில் எகிறும் ராடையே தூக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் அங்கே மலை மலையாகத் தூக்கியவர்கள் போட்டி மேடையில் செல்லாது என்ற சிவப்பு விளக்கு வாங்கித் திரும்பினார்கள். நான் புதன்கிழமைகளை இதற்கென்று ஒதுக்கினேன். எடை குறைவு, காத்திருத்தல் அதிகம். ராடு நெஞ்சில் கிடக்கும். தலைமாட்டில் நிற்கும் என் கூட்டாளி சொல் கொடுக்கும்வரை நான் தள்ளக் கூடாது.

இந்த அதிகாரம் அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ராடு என் நெஞ்சில் இருக்கும்போதுதான் அன்றைய துறைமுகச் செய்திகளைச் சொல்லத் தொடங்குவார். எந்தக் கப்பலில் என்ன வந்தது, எந்த ஃபோர்மேன் யாரிடம் திட்டு வாங்கினான் என்றெல்லாம். நான் கண்ணால் கெஞ்சினால், "இரு வாத்யாரே, மெயின் மேட்டரே இனிமேதான் கீது," என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். பிறகு போனால் போகிறதென்று 'பிரஸ்' என்பார். வீட்டுக்குப் போய் இதைச் சொன்னால் என் மனைவியும் அவள் தங்கையும் சிரிப்பார்கள். நடுவர் எவரும் இவ்வளவு பேசமாட்டார், ஆகவே போட்டி உங்களுக்குச் சுலபமாகத்தான் இருக்கும் என்று மைத்துனி சொன்னது நினைவிருக்கிறது. அவள் தபால் நிலையத்தில் பணிபுரிந்தாள். கணவரை இளமையிலேயே இழந்தவள். புதன்கிழமைகளில் சற்று முன்னதாகக் கிளம்ப அனுமதி பெற்று, ஐந்தரை மணிக்கு வந்துவிடுவாள். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, "மாமா, நீங்க கிளம்புங்க," என்பாள். நான் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தில் அக்காவும் தங்கையும் என்ன பேசினார்கள் என்பதை நான் கேட்டதில்லை. நான் உள்ளே நுழையும்போது பேச்சு நிற்கும்.

ஒன்பதாம் வாரத்து ஞாயிறன்று எண்பத்தேழரைக் கிலோவை இரண்டிரண்டாகத் தூக்கினேன். வேகம் நன்றாக இருந்தது. மறுநாள் திங்கள், காலை உணவுக்குப் பின், நாற்காலியில் சாய்ந்திருந்தபடியே அவள் இறந்தாள். அழைத்து வந்த மருத்துவர், நீண்ட இடைவெளியின் முடிவில் இப்படி நேர்வது உண்டு என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

கூடத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள். தோள் கொடுக்க முன்வந்தவர்களை என் கூட்டாளி உயரவாரியாகப் பார்த்து, முன்னால் யார், பின்னால் யார் என்று தணிந்த குரலில் மாற்றி நிறுத்தினார். மயானம்வரை பாடை ஒரு பக்கமும் சாயவில்லை.

பதினாறாம் நாள் காரியம் ஒரு செவ்வாயன்று வந்தது. வந்திருந்த உறவினர்கள் அன்று மாலையே கலைந்தார்கள். கிளம்பும்போது மனைவியின் பெரியப்பா மகன் ஒருவர், போட்டியைப் பற்றி எப்படியோ கேள்விப்பட்டவர், வருஷம் திரும்புவதற்குள் மேடை ஏறுவதெல்லாம் நம் வழக்கத்தில் இல்லை என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொன்னார். துக்க வீட்டார் அந்த ஆண்டு பண்டிகை கொண்டாடுவதில்லை, திருமணங்களுக்குப் போவதில்லை. போட்டி அந்த வகையில் சேருமா என்று நான் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு அவசியம் இருப்பதாகவே தோன்றவில்லை. ஏற்பாட்டில் இரண்டு ஞாயிறுகளும் இரண்டு புதன்களும் போய்விட்டன. எஞ்சியிருப்பதைத் தொடர்வதா கைவிடுவதா என்ற கேள்வி ஓரிரு முறை எழுந்தது. ஆனால் இனி செவ்வாய் எதற்கு, வெள்ளி எதற்கு என்பதற்கே என்னிடம் விடை இல்லாதபோது அது பெரிதாகப் படவில்லை. வாரத்தைத் தாங்கிய இரண்டு தூண்களும் போன பின் நடுவில் தொங்கிய என் பயிற்சி நாட்கள் மட்டும் எப்படி நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் புதன். ஐந்தரை மணிக்கு மைத்துனி வந்தாள்.

முந்தைய நாள் மாலைதான் தன் வீட்டுக்குத் திரும்பியிருந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்தாள். அக்காவின் கட்டில் இருந்த அறைக்குள் போய் மின்விசிறியைப் போட்டாள். பிறகு வாயிற்படி அருகே வந்து என்னைப் பார்த்தாள்.

"மாமா, டைம் ஆச்சு. நீங்க கிளம்புங்க."

யாரைப் பார்த்துக்கொள்வதற்காக வந்திருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. அவள் வந்துவிட்டால் நான் கிளம்ப வேண்டும் என்பதே அந்த வீட்டில் புதன்கிழமைக்கு இருந்த ஒரே ஒழுங்கு. நான் பையை எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் என் கூட்டாளி இருந்தார். போன புதன்களிலும் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனாராம். அதை வேறொருவர் பிற்பாடு சொன்னார். என்னைக் கண்டதும் எழுந்தார். ராடில் பிளேட்டுகளைக் கோத்தார். அறுபது கிலோ. பத்தில் ஏழு பங்கு என்ற கணக்கு அவருக்கு மனப்பாடமாகி இருந்தது.

படுத்தேன். இறக்கினேன். ராடு நெஞ்சில் பட்டு அசைவற்று நின்றது. வழக்கமாகப் பேசத் தொடங்குபவர் அன்று பேசவில்லை. உரிய நேரத்தில் 'பிரஸ்' என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கைகளில் வலு இருந்தது. அறுபது கிலோ அப்போது எனக்கு ஒரு சுமையே அல்ல. ஆயினும் நான் தள்ளவில்லை. நான் மூச்சு விடும்போது ராடு சிறிது தாழ்ந்து, இழுக்கும்போது சிறிது உயர்ந்தது. அதைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடியும் 'பிரஸ்' என்றார், முன்னைவிட மெதுவாக. பயிற்சி செய்துகொண்டிருந்த மற்றவர்கள் நிறுத்திவிட்டார்கள் என்பது ஓசை அடங்கியதில் தெரிந்தது. சப்போர்ட் நிற்பவர் ராடைத் தொட்டுவிட்டால் அந்தத் தூக்கல் செல்லாது. அவருடைய கைகள் ராடுக்கு அடியில் வந்து, ஒரு விரற்கடை இடைவெளியில் நின்றன. பின்னர் அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டார். குனிந்தார். தலைகீழாகத் தெரிந்த அவர் முகம் என் முகத்துக்கு மிக அருகில் வந்தது.

"நானு எவ்ளோ நேரம் வேணா நிப்பேன் வாத்யாரே. கை வெக்க மாட்டேன். உனுக்கு எப்போ தோணுதோ அப்போ தள்ளு."

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. வெளியே லாரிகள் சற்று நகர்ந்து மறுபடி நின்றன. தள்ளினேன். ராடு நேராக மேலே போயிற்று. அவர் 'ஒண்ணு' என்று எண்ணினார். நான் மறுபடி இறக்கினேன். ஐந்துவரை எண்ணிவிட்டு ராடைத் தாங்கியில் வைக்க உதவினார். மற்ற ஓசைகள் தொடங்கின.

அன்று செட்களுக்கு இடையே பெரம்பூரைப் பற்றிப் பேசினோம். உறவினர் சொன்னதைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் துண்டால் முகத்தைத் துடைத்தார். மேளம் உண்டா, மாலை உண்டா, சாப்பாடு போடுகிறார்களா, எதுவும் இல்லையே, அது எப்படி விசேஷம் ஆகும் என்றார். அங்கே வருகிறவர்கள் எல்லாரும் மூச்சுப் பிடித்துக்கொண்டு, முகம் சிவந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருப்பார்கள். துக்க வீடு மாதிரிதான் இருக்கும் என்றார். அது என் சிரிப்பை எதிர்பார்த்துச் சொன்னது என்று புரிந்தது. சிரிக்க இயலவில்லை என்றாலும், சொன்னது சரியாகவே இருந்தது.

போட்டிக்கு முன் எஞ்சியிருந்தது ஒரே ஒரு ஞாயிறு. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. இவ்வளவு நாள் விட்டுப்போனதால் உடம்பில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருமுறை முழுதாகச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும் என்று அவர் வாதிட்டார். பழைய ரெக்கார்டு மோகம் அவரை விடவில்லை. இரண்டு வாரங்களுக்குமேல் தூக்காதவனின் வலு அதிகம் குறைந்திருக்காது, ஆனால் தூக்கும் லாவகம் குறைந்திருக்கும். சோதனை போட்டால் அதற்கான களைப்புத்தான் போட்டிக்கு வந்து சேரும் என்றேன். எண்பத்தைந்தை மூன்று ஒற்றைத் தூக்கல்களாகத் தூக்கிவிட்டு நிறுத்தினேன். மனம் அதற்குமேலும் கேட்டது. அந்த நாட்களில் தோளும் கையும் இற்றுப்போகும்வரை எதையாவது தூக்க வேண்டும் என்ற வெறி எனக்குள் இருந்ததை மறுக்கமாட்டேன். அதற்கு இடம் கொடுக்காமல் என்னைத் தடுத்தது மன உறுதியல்ல, நாங்கள் இருவரும் வகுத்த ஏற்பாடு. அவள் சரிபார்த்த கணக்கை அவள் இல்லாதபோது மாற்ற எனக்கு விருப்பமில்லை.

பெரம்பூரில் ஒரு திருமண மண்டபத்தில் போட்டி நடந்தது. என் வயதுப் பிரிவில், என் உடல் எடை வகுப்பில், மூன்றே பேர். மற்ற இருவரும் ரயில்வே பணிமனை ஆட்கள். ஒருவரை ஒருவர் 'மாமு' என்று அழைத்துப் பல்லையும் மூட்டுகளையும் பற்றிக் கேலி செய்துகொண்டார்கள். முதல் முயற்சியில் எண்பத்தைந்து, இரண்டாவதில் தொண்ணூற்றிரண்டரை. இரண்டுக்கும் வெள்ளை விளக்கு. மூன்றாவது முயற்சியின் எடையைச் சொல்ல மேசைக்குப் போகுமுன் என் கூட்டாளி என்னிடம் வந்தார்.

"டீச்சரம்மா சொன்ன நூறு கீதே. கேட்டுடவா?"

நூறு என்பது பன்னிரண்டு வாரங்களுக்கான விடை. செய்யாமல் போன வாரங்களைச் செய்ததாகக் கணக்கில் சேர்த்தால்தான் அந்த எண் வரும். அப்படி ஒரு விடையை அவள் எந்த மாணவனிடமும் ஏற்றுக்கொண்டதில்லை. தொண்ணூற்றைந்து என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. நடுவர் சொல் கொடுக்க நெடுநேரம் எடுத்துக்கொண்டதாகத் தோன்றியது, காத்திருந்து தள்ளினேன். பாதியில் ராடு தயங்கியது, பிறகு போயிற்று. முன்பு எந்த அளவோ அதே அளவு. ஏற்றமும் இல்லை, இழப்பும் இல்லை.

போட்டிக்கு அடுத்த வாரம் முழு ஓய்வு என்பது ஏற்பாட்டின் இறுதி வரி. அந்தப் புதனன்று நான் கூடத்துக்குப் போகத் தயாராகவில்லை. ஐந்தரை மணிக்கு மைத்துனி வந்து கைப்பையை வைத்தாள். நான் அவளிடம் இந்த வாரம் பயிற்சி இல்லை என்றேன். பிறகு, சில நாட்களாகவே சொல்ல வேண்டும் என்று வைத்திருந்ததையும் சொன்னேன். இத்தனை காலம் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்ததற்கு நன்றி, இனிமேல் அவள் எனக்காகச் சிரமப்பட வேண்டியதில்லை, நான் சமாளித்துக்கொள்வேன்.

அவள் மின்விசிறியைப் போடப் போன கையைத் தாழ்த்திக்கொண்டாள். கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"உங்களுக்காக மட்டும் வரல மாமா," என்றாள். "இங்க வந்து உக்காந்தா அக்காகிட்ட பேசின மாதிரி இருக்கு. எங்க வீட்ல அது வரல. புதன்கிழமைன்னா இங்கதான்னு பழகிடுச்சு." சிறிது தயங்கினாள். "நீங்க இருந்தா முடியாது."

சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன். கூடத்தில் என் கூட்டாளி பலகையில் படுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார். ரெஸ்ட்டு என்று சொல்லிவிட்டு எதற்கு வந்தாய் என்று கேட்டார். வீட்டில் ஆள் வந்திருக்கிறது என்றேன். தாம் அந்த வாரம் முதல் புதனன்று இலேசாகத் தூக்கிப் பார்க்கப் போவதாகவும், அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நான் அவருடைய தலைமாட்டில் நின்றேன். அவர் ராடை இறக்கினார். அது அவருடைய அகன்ற நெஞ்சில் நிற்கும்வரை பார்த்திருந்து, சொல் கொடுத்தேன். அவர் முடித்த பிறகும் நான் உடனே கிளம்பவில்லை. வேறு இருவருக்குச் சப்போர்ட் நின்றேன். எல்லாரும் போன பின் ராடைத் துணியால் துடைத்தேன்.

வழக்கத்தைவிட அரை மணி தாமதித்தே வீட்டுக்கு நடந்தேன்.